ஜகாத் கணக்கு: செட்டிநாட்டு ஜமாஅத்தார் கேட்டவை

ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் ஏழைகள் முதலானோருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கு. பதில்கள் ஹனஃபி மத்ஹப் (சட்ட வழி) படி. இன்னொரு மத்ஹபான ஷாஃபிஈ மாறுபடும் இடத்தைச் சொல்லியிருக்கிறேன்.

ஹஜ்ரத், 15 பவுன் நகை இருக்கிறது, ரொக்கம் இல்லை. ஜகாத் உண்டா? (காரைக்குடி)

உண்டும்மா. தங்கத்தின் நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, 87.48 கிராம், கிட்டத்தட்ட 11 பவுன். 15 பவுன் என்பது 120 கிராம். ஜகாத் அதில் நாற்பதில் ஒரு பங்கு, 3 கிராம். அன்றைய விலைக்குப் பணமாகவும் கொடுக்கலாம். நம் பக்கத்துப் பழைய நகையில் அரக்கும் கல்லும் இருக்கும், ஆசாரியிடம் காட்டி அந்த எடையைக் கழியுங்கள். செய்கூலி, சேதாரம் சேராது. நகை உங்களுடையது என்பதால் கடமையும் உங்களுக்குத்தான். உங்கள் சம்மதத்தோடு கணவர் கட்டலாம். ஷாஃபிஈயில் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை.

பலர் சறுக்கும் இடம்: 5 பவுன்தானே என்று விட்டுவிடுவார்கள். கூடவே பேங்கில் சேமிப்பு இருந்தால், இரண்டையும் கூட்டி 612.36 கிராம் வெள்ளியின் விலையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் தாண்டிவிடும்.

மளிகைக் கடைக்கு எப்படி? (தேவகோட்டை)

அலமாரி, தராசு, ஃபிரிட்ஜை விடுங்கள். இருக்கும் சரக்கை இன்று மொத்தமாக விற்றால் கிடைக்கும் விலை, கல்லாப் பணம், பற்று நோட்டில் வசூலாகக்கூடிய பாக்கி மூன்றையும் கூட்டி, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியதைக் கழித்து 2.5 சதவீதம். ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர ஆண்டு) தேதியில் கணக்கு முடியுங்கள். மார்ச் 31 என்றால் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் கூடுதல், 2.577 சதவீதம் வரும்.

ஏழையின் பற்றை அடித்துவிட்டால் ஜகாத் ஆகுமா?

ஆகாது, தம்பி. பணத்தை அவர் கையில் கொடுங்கள். பிறகு அவராக விரும்பிக் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

ரமலானில் வாசலில் வருபவர்களுக்கு 200 ரூபாய் வீதம் கொடுக்கிறோம். வறுமை குறைவதாகத் தெரியவில்லையே?

எப்படிக் குறையும்? 50,000 ரூபாய் 250 பேருக்குப் பிரிகிறது. அடுத்த ரமலானிலும் அதே 250 பேர் வருவார்கள். அதே தொகையை முஹல்லாவில் (நம் ஜமாஅத் பகுதியில்) இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். முதலில் அவர்களுடைய கந்துவட்டிக் கடனை அடைத்துவிடுங்கள். குர்ஆன் 9:60 சொல்லும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர். கடனை வைத்துக்கொண்டு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தால் இரண்டே மாதத்தில் மெஷின் விலை போய்விடும். அடுத்து மெஷின், ஆடு, எதுவானாலும் முழு உரிமையாகக் கொடுங்கள். 'ஜமாஅத் சொத்து' என்று எழுதி இரவலாகக் கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. பள்ளிவாசல் பூச்சு வேலைக்கும் கூடாது. பைத்துல்மாலின் (ஜமாஅத் பொது நிதி) வட்டியில்லாக் கடன் சுழல் நிதி, அதை ஸதகாவிலிருந்து (விரும்பிக் கொடுக்கும் தானம்) வையுங்கள். ஜகாத்துக்குத் தனிக் கணக்கு.

இங்கே நகரத்தார் மகமை தெரியும். அது தர்மத்துக்கென்று வியாபாரத்தில் பிடிப்பது. ஜகாத்தோ, வியாபாரம் படுத்தாலும் கையிருப்பு மேல் விழும்.

பக்கத்து வீட்டு ஹிந்து விதவைக்கு?

ஜகாத் கூடாது. ஸதகா தாராளமாக.

கண்மாய்ப் பாசன நெல்?

விளைச்சலில் பத்தில் ஒன்று. மோட்டார் வைத்து இறைத்தால் இருபதில் ஒன்று.

மலேசியாவில் இருக்கும் அண்ணன் எங்கள் பைத்துல்மாலுக்கு அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தன் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பலாம். மலேசியக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஜமாஅத் வாங்கக் கூடாது. ஊரில் சிரமப்படும் தங்கை இருந்தால் அவருக்கு நேரே அனுப்பச் சொல்லுங்கள். உடன்பிறந்தாருக்கு ஜகாத் செல்லும். அத்தா, அம்மா, பிள்ளைகளுக்குச் செல்லாது.