112 வட்டங்கள்

வணக்கம்.

பி.ஆர்க். முடித்துவிட்டு லேண்ட்ஸ்கேப் (கட்டடங்களைச் சுற்றித் தோட்டமும் மரங்களும் அமைக்கும் டிசைன்) முதுகலை படிக்கிறேன். இப்போது சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் இன்டர்ன்ஷிப், இது இரண்டாவது மாதம். டிசைன் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தேன். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை ஆட்டோகேடில் (வரைபடம் போடும் மென்பொருள்) மரம் வரும் இடத்துக்கெல்லாம் வட்டம் போடுவதுதான் வேலை. போன வாரம் சோழிங்கநல்லூர் அபார்ட்மென்ட் ஒன்றுக்கு மட்டும் 112 வட்டங்கள். சைட்டுக்கு ஒருமுறைகூட அழைத்துப் போகவில்லை. தரும் ஸ்டைபண்ட் வேளச்சேரி ஹாஸ்டல் வாடகைக்கே போதவில்லை. இதில் எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் பணம். பத்து மணி நேரம் வேலை வாங்குகிறவர்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாவது தரவேண்டும். ‘கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறாய்’ என்பதெல்லாம் குருகுலப் பேச்சு. குருகுலத்தில் சோறாவது போட்டார்கள். தயங்காமல் கேளுங்கள். தரவில்லையென்றால் அடுத்த வருடம் வரும் ஜூனியர்களிடம் சொல்லிவையுங்கள்.

இனி வட்டங்கள். எழுத வருவதற்கு முன் நானும் சில வருடம் இதே தொழிலில் இருந்தவன்தான். பயிற்சிக் காலத்தில், ஒரு குடியிருப்பின் நடுமுற்றத்தில் நாகலிங்க மரத்துக்கு ஆறு மீட்டர் வட்டம் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, வரைபடம் சைட்டுக்குப் போய்விட்டது. முற்றத்துக்குக் கீழே கார் பார்க்கிங் என்பது எனக்குத் தெரியும். பார்க்கிங்குக்குக் கூரையான கான்கிரீட் ஸ்லாபுக்கு மேல் எத்தனை அடி மண் என்று மட்டும் கேட்கவில்லை. இரண்டடிகூட இல்லை. அங்கே தோட்ட வேலை பார்த்த பெரியவர் கடப்பாரையால் ஒரு குத்து குத்தினார். ‘ணங்’ என்றது. “இதுல வாழையே நிக்காது தம்பி” என்றார்.

சரி, மண்ணைக் கூட்டலாமே என்று இன்ஜினியரிடம் போனேன். நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு இரண்டு டன்னை நெருங்கும். அதைத் தாங்குவதற்கான கணக்கை ஸ்லாப் போடும்போதே போட்டிருக்கவேண்டும். கடைசியில் அங்கே நந்தியாவட்டைதான் வந்தது. அந்தக் கடப்பாரைச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

உங்களை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லித்தர எந்த ஸ்டூடியோவிலும் ஆளுக்கு நேரம் இருக்காது. நீங்கள்தான் ஒவ்வொரு வட்டத்துக்கும் கேட்கவேண்டும்: கீழே ஸ்லாபா, தரையா? தரை என்றால் தண்ணீர் நிற்குமா? சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சோழிங்கநல்லூருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேறு. உங்கள் 112 மரங்களில் நீர்மருது, புங்கை மாதிரி ஈரத்தைத் தாங்குபவை எத்தனை?

காற்றையும் கேளுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் காலை தெருவெல்லாம் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் சாய்ந்து கிடந்தன. ரெண்டரில், அதாவது கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் கணினிப் படத்தில், அழகாகத் தெரியும் மரங்கள்தான் அவை. (ரெண்டர் என்றதும் நினைவு வருகிறது: இணையத்திலிருந்து இறக்கிய மேப்பிள் மரத்தை ஓ.எம்.ஆர். அபார்ட்மென்டில் ஒட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறதா?) ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய்த் தலமரமான புன்னையைப் பாருங்கள். உப்புக்காற்றுக்கு அசராத நெய்தல் மரம். இலையைத் தொட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும், தடித்த தோல் மாதிரி இருக்கும்.

சைட்டுக்கு அழைத்துப் போகவில்லை என்கிறீர்கள். இங்கே நடும் பெரிய மரங்களில் பல, ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. உங்கள் ஸ்டூடியோவின் ஏதாவது ஒரு சைட்டில் மரம் இறக்குகிற நாள் வரும். வேரைச் சுற்றிய மண்கட்டி உடைந்திருக்கிறதா, பைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இறக்கவேண்டும், அதற்கு ஆள் வேண்டும். நான் போகிறேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். லாரி பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும், யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.