தேர்வுப் பொறுப்பா, துறைத் தலைமையா?

கேள்வி: 9 வருடமாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். நிர்வாகப் பக்கம் போக ஆசை, ஆனால் பிள்ளைகளின் படிப்பிலிருந்து விலகிவிடக் கூடாது. எங்கள் பள்ளியில் தேர்வு ஒருங்கிணைப்பாளர், கணிதத் துறைத் தலைவர் என்று இரண்டு பொறுப்புகள் காலியாக இருக்கின்றன. பின்னால் முதல்வர் ஆவதற்கு எது உதவும்?

பதில்: துறைத் தலைமையை எடுங்கள். தேர்வுப் பொறுப்பு மட்டமான வேலை இல்லை, மேலிடத்தின் கண்ணில் சீக்கிரம் படலாம். ஆனால் வினாத்தாள் கட்டு, அறை ஒதுக்கீடு, மதிப்பெண் பதிவேடு என்றே நாள் ஓடிவிடும். எல்லா மதிப்பெண்ணும் உங்கள் கை வழியாகத்தான் போகும், ஒன்றைக்கூட உங்களால் நகர்த்த முடியாது.

2008ல் நியூசிலாந்து ஆய்வாளர் விவியன் ராபின்சனும் சகாக்களும் பள்ளித் தலைமை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைவர் செய்கிற வேலைகளில் மாணவர் கற்றலோடு அதிகம் சேர்ந்து வந்தது எது என்றால், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வழி செய்து தானும் அவர்களோடு உட்கார்ந்து கற்பது. விளைவு அளவு, அதாவது அந்தத் தொடர்பு எவ்வளவு பலமானது என்று காட்டும் எண், 0.84. (அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம், அந்தப் பிரிவில் கிடைத்த ஆய்வுகள் கொஞ்சம்தான்.) அந்த வேலையைப் பழகத் தோதான இடம் துறைத் தலைமை.

எப்படி என்கிறீர்களா? வகுப்புச் சராசரி 58 என்று ஒரு தாள் வருகிறது, அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. விடைத்தாள்களைப் பரப்பிக் கேள்வி வாரியாகப் பாருங்கள். 1/2 + 1/3 கேட்ட இடத்தில் 40 பேரில் 18 பேர் 2/5 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை, மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுவதுதான் முறை என்று அவர்கள் நம்புகிறார்கள். அடுத்த பிரிவில் அந்தத் தப்பு 3 பேரிடம்தான் என்றால் அந்த ஆசிரியர் எப்படி நடத்தினார் என்று கேளுங்கள், காகிதத்தை மடித்துக் காட்டியிருக்கலாம். அதை எல்லோரும் செய்து பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து இரண்டே கணக்கு கொடுத்துச் சரிபாருங்கள்.

வகுப்பைப் பார்க்கப் போனால் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருக்காமல் கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள். உங்களைவிட மூத்தவர்கள் துறையில் இருப்பார்கள், சங்கடம்தான். அதனால் முதலில் அவர்களை உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள், அதுவும் உங்களுக்கே சரியாக வராத பாடத்துக்கு.

அப்புறம் கல்வித் தகுதி. பல நாடுகளில் முதல்வர் பதவிக்குத் தனிப் பட்டமோ உரிமமோ கேட்பார்கள், உங்கள் ஊர் விதியை இப்போதே பார்த்துவிடுங்கள். வேலையில் இருந்தபடியே படித்தால் உங்கள் துறையையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த படி, துணை முதல்வர், கொஞ்சம் வழுக்கும். நான் துணை முதல்வரான முதல் வருடம், காலை மணி அடிப்பதற்குள் யார் லீவு, அந்த வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று தாளும் பென்சிலுமாகத் திணறுவேன். அது முடிந்தால் சண்டை, பஸ் தாமதம், பெற்றோர் புகார். மூன்று மாதத்தில் நான் பார்த்த வகுப்புகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, தேர்ச்சி விகிதத்தை மட்டும் காட்டிப் பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். ஓர் அளவுகோலை வைத்தே முடிவெடுக்க ஆரம்பித்தால் அந்த அளவுகோலே கெட்டுப்போகும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970களிலேயே எழுதிவிட்டார். பலவீனமான பிள்ளையைத் தேர்வு எழுதவிடாமல் நிறுத்தினாலும் விகிதம் ஏறும் என்பது நேர்காணல் எடுப்பவர்களுக்கும் தெரியும். அந்த 18 பேர் என்ன ஆனார்கள், அதில் யார் இன்னும் தேறவில்லை என்று சொல்லுங்கள், அதைக் கேட்பார்கள்.

சரி, பொறுப்பை ஒப்புக்கொள்ளும் முன் ஒன்று கேளுங்கள்: மற்றவர் வகுப்பில் உட்கார வாரத்துக்கு இரண்டு பீரியடாவது உங்கள் கால அட்டவணையிலேயே ஒதுக்க வேண்டும், வாய்வார்த்தையாக இல்லை, அச்சில்.