மேஜிக் செய்யும் மகன்: கடலூர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் சனி ஞாயிறுகளில் பிறந்தநாள் விழாக்களுக்கு மேஜிக் செய்யப் போகிறானே, இது எங்கே போய் முடியும் என்பது ஒன்று. பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், ஆனால் சிரிப்பதில்லை, ஒருமுறை கூப்பிட்ட வீட்டார் மறுபடி கூப்பிடுவதில்லை என்று அவன் சோர்ந்துபோவது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் பாதிக்குமேல் இரண்டாவதில் இருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கைவேலை சுத்தம். கைக்குட்டையை மறைப்பதிலும் வரவழைப்பதிலும் எங்கும் பிசிறு இல்லை. ஆனால் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பித்து, யூடியூபில் கேட்ட ஆங்கில வசனத்தை அப்படியே ஒப்பிக்கிறான். எதிரில் உட்கார்ந்திருப்பதோ மஞ்சக்குப்பத்து மொட்டை மாடியில் ஒரு ஆறு வயதுப் பட்டாளம். அவர்கள் கண்ணுக்கு அவன் எல்லாம் தெரிந்த, தப்பே செய்யாத பெரிய ஆள். அப்படிப்பட்டவரைப் பார்த்தால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சிரிப்பு எப்படி வரும்?

1983இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளிடம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்டார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்த பையன் எங்கே தேடுவான்? மிகச் சின்னக் குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியைக் காட்டிவிடும். நாலு வயதைத் தாண்டிக் கொஞ்சம் வளர்ந்ததும், "பாவம், அவனுக்குத் தெரியாதே" என்று பழைய அலமாரியைக் காட்டத் தொடங்கும். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்கும் வயது அது. அந்தக் கண்டுபிடிப்பின் ருசி அடுத்த சில ஆண்டுகளுக்கு அடங்காது. பிறந்தநாள் விழாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக்காரர்கள்தான். ஆகவே தப்பான அலமாரியில் தேடும் அந்தப் பையனாக உங்கள் மகன் மாற வேண்டும்.

புது வித்தை எதுவும் வாங்க வேண்டாம். இருக்கிற கைக்குட்டையையே எடுத்துக்கொள்வோம். இப்போது அவன் அதைக் கைக்குள் திணிக்கிறான், ஊதுகிறான், காணோம், முடிந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. இனி இப்படிச் செய்யட்டும். கைக்குட்டை மறைய வேண்டும் என்று மந்திரம் சொல்கிறான். மறைந்துவிட்டதாக அவனே பெருமையாகக் கும்பிடுகிறான். ஆனால் அது அவன் முதுகில், சட்டைக் காலரில் தொங்குகிறது. கும்பிடக் குனியும்போது எல்லோருக்கும் தெரியும். "அண்ணா, பின்னாடி!" என்று ஒரு குரல் வரும். "பின்னாடியா?" என்று திரும்புகிறான். உடம்போடு கைக்குட்டையும் திரும்பிவிடுகிறது. "இங்கே ஒன்றுமில்லையே, பொய்தானே சொல்கிறீர்கள்?" இப்போது ஒரு குரல் பத்துக் குரலாகும். அடுத்த தரம் மறுபக்கம் திரும்புகிறான். யாராவது ஒரு பிள்ளை எழுந்து ஓடிவந்து தொட்டுக் காட்டப் பார்க்கும். அதற்கு முன் அவனே அதை உருவி உள்ளங்கையில் திணித்து, இந்த முறை நிஜமாகவே மறைத்துவிட வேண்டும். இவ்வளவு நேரம் 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்று கத்தியவர்கள் அப்படியே நிற்பார்கள். அதே வித்தைதான், நாலு நிமிடம் ஓடும், கைதட்டலும் இரட்டிப்பாகும்.

இரண்டு தரம் தேடலாம், மூன்றாவது தரம் முடிவு மாற வேண்டும். நாலு, ஐந்து என்று இழுத்தால் ஏழு வயதுக்காரன் ஒருவன் "சும்மா நடிக்கிறாரு" என்று சொல்லிவிடுவான். அப்புறம் கூட்டத்தைப் பிடிப்பது கஷ்டம். ஒவ்வொரு தரமும் அவன் உண்மையாகவே தேட வேண்டும். கண்ணில் குழப்பம் இல்லாமல் வாயால் மட்டும் "எங்கே எங்கே" என்றால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்குக் குரு வெளிநாட்டில் இல்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான் என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ராஜா வேடம் கிரீடத்தோடு வந்து வீரம் பேச, பக்கத்தில் நின்று அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஊர்க்காரன் கேட்க நினைக்கும் கேள்வியைக் கேட்டே கூட்டத்தை விடிய விடிய உட்கார வைப்பவன் அவன். உங்கள் மகன் இப்போது ராஜாவாக மட்டும் நிற்கிறான்.

மந்திரக்கோல் விஷயமும் அப்படித்தான். பிள்ளையின் கைக்குப் போனதும் துண்டு துண்டாகத் தொங்கிவிடும் கோல் மேஜிக் கடைகளில் கிடைக்கிறது. அவன் கையில் நேராக நிற்கும், குழந்தை வாங்கினால் சரிந்துவிடும். "என்ன பண்ணினே?" என்று அதட்டினால் குழந்தை அழும். "அய்யய்யோ, வீட்டுக்குப் போனால் எனக்குத்தான் திட்டு விழும்" என்று இவன் பயந்தால் குழந்தை சிரிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிகழ்ச்சி முழுக்க ஓடும் ஒரு சிரிப்பு வேண்டுமென்றால் பழைய செம்பு வித்தை இருக்கிறது. புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் (1913–1971) காட்டிய 'வாட்டர் ஆஃப் இந்தியா' அந்த வகைதான். செம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் காலி செய்து வைத்துவிடுவார்கள். வேறொரு வித்தை முடிந்து திரும்பினால் அதே செம்பிலிருந்து மறுபடி தண்ணீர் கொட்டும். பிள்ளைகள் முன்னால் இதைச் செய்யும்போது, காலியாகிவிட்டதாக இவன் அடித்துச் சொல்ல வேண்டும், "இன்னும் இருக்கு!" என்று அவர்கள் கத்த வேண்டும். புதுச்சேரி விழாக்களில் தமிழ் அவ்வளவாகத் தெரியாத பிள்ளைகளும் இருப்பார்கள். செம்புக்கும் காலருக்கும் மொழி தேவையில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். உதவிக்கு வரும் குழந்தையின் நிறம், உடம்பு, மார்க், இதை வைத்து ஒரு ஜோக்கும் வேண்டாம். நம் மேடைகளில் அது சுலபமாக வரும் சிரிப்பு, அதனாலேயே எனக்குப் பிடிக்காது. பின்னால் நிற்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள், அந்தக் குழந்தையின் அம்மா சிரிக்க மாட்டார். மறுபடி கூப்பிடாததற்கு இதுகூடக் காரணமாகலாம். கோமாளி ஆக வேண்டியது மேஜிக் செய்பவன் மட்டும்தான். பிறந்தநாள் குழந்தை மந்திரம் சொன்னபிறகுதான் வித்தை பலிக்க வேண்டும். நிஜப் புறாவோ முயலோ வேண்டாம். விலங்குகளை வைத்து வேடிக்கை காட்ட, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு தேவை.

விழா வீட்டாரிடம் அவன் முன்கூட்டியே பேச வேண்டியதும் உண்டு. கேக் வெட்டுவதற்கு முன்பே நிகழ்ச்சி நடக்கட்டும். பலூனும் ரிட்டர்ன் கிஃப்டும் கடைசியில் கொடுக்கட்டும். பிள்ளைகளை ஜமக்காளத்தில் முன்னால் உட்கார வைத்து, பெரியவர்கள் பின்னால் நிற்கட்டும். கையில் பலூன் வைத்திருக்கும் குழந்தையைச் சிரிக்க வைக்க யாராலும் முடியாது.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். பிறந்தநாள் விழாவை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம் என்பதுதான் என் கருத்து, ஏனென்றால் வேலை வார இறுதியில்தான் வரும். அதனால் பி.காமை விடவே கூடாது. வரவு செலவை அவனே ஒரு நோட்டில் எழுதட்டும், படிப்புக்கும் பயிற்சி. ஆனால் முப்பது பிள்ளைகளை முக்கால் மணி நேரம் உட்கார வைக்கத் தெரிந்தவனுக்கு ஆசிரியர் வேலை, பயிற்சியாளர் வேலை, நிகழ்ச்சி அமைப்பாளர் வேலை எல்லாவற்றிலும் அந்தத் திறமை கைகொடுக்கும். கலை பக்கமே போக வேண்டும் என்று மூன்றாம் ஆண்டு முடிவிலும் அவன் சொன்னால், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறை இருக்கிறது. சேர்க்கைத் தகுதியை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, அடுத்த மூன்று விழாக்களிலும் இந்தக் கைக்குட்டையையும் செம்பையும் மட்டும் மாற்றிச் செய்யட்டும். விழா வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு நீங்கள் ஓரமாக நின்று வீடியோ எடுங்கள், ஆனால் கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வையுங்கள். எந்த இடத்தில் கத்துகிறார்கள், எந்த இடத்தில் திரும்பி அம்மாவைத் தேடுகிறார்கள் என்று இருவரும் உட்கார்ந்து குறித்து எனக்கு அனுப்புங்கள்.