மாட்டுக்கு அன்டிபயோட்டிக் (பக்டீரியாவை அடக்கும் மருந்து) ஊசி போட்ட பிறகு பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம். காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. வீட்டில் ஒரு மாடு வைத்திருக்கிறீர்கள், பாலைக் கொட்ட மனம் வரவில்லை, அதுதானே?

எங்களுக்கு இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம். மாமி எருமைத் தயிர் போடுகிறவர். பால் ஒரு பட்டிக்காரரிடம் வாங்குகிறோம். போன மாரியில் ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு சட்டிகூட உறையவில்லை. மேலே மெல்லிய ஆடை, விரலை விட்டால் கீழே வெறும் பால். உறை சரியில்லை என்றார் மாமா. குளிர் என்றார்கள் அயலில். மாமி ஒன்றும் பேசாமல் பட்டிக்குப் போய், "தம்பி, எந்த எருமைக்கு ஊசி போட்டீங்க?" என்றுதான் கேட்டார். மடி வீங்கிய ஒன்றுக்கு ஒக்ஸிடெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக், அதிலும் உடம்பில் நாள்கணக்கில் நிற்கும் எல்.ஏ. வகை. அந்தப் பாலும் அதே வாளியில்.

உறையில் இருப்பதும் பக்டீரியாதானே. நோய்க்கிருமி எது, தயிர்க்கிருமி எது என்று மருந்துக்குத் தெரியாது. அதற்காகத் தயிர் உறைந்துவிட்டால் பாலில் மருந்தே இல்லை என்றும் எடுக்காதீர்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இந்த மருந்துக்கு வகுத்த எல்லை லீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அது நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். குப்பியில் எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள்.

ஊசிக்கே எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பக்டீரியாவால் வரும் தொண்டை அடைப்பானில் கழுத்து வீங்கி மூச்சு இழுக்கும் மாட்டுக்கு நேரத்தோடு போட்டால் உயிர் தப்பும். ஆனால் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் (கோமாரி) வைரசால் வருவது. அந்த வைரசை இது ஒன்றும் செய்யாது, புண்ணில் பிறகு தொற்றும் கிருமிக்குத்தான் உதவும். அதற்கும் இதையே குத்துகிறார்கள்.

பட்டிக்காரரை மட்டும் திட்டியும் பயனில்லை. வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோரம் ஓட்டுகிறார்கள். மேய்ச்சல் தரை கேட்டுக் கேட்டு வாய் நோகிறது, அதிகாரிகள் கூட்டம் வைத்துத் தேநீர் தருகிறார்கள், அவ்வளவுதான். வைத்தியர் அந்தத் தூரத்துக்கு எப்படி வருவார்? குப்பி பட்டிக்காரரின் பையில்தான் கிடக்கும்.

இப்போது ஊசி போட்ட எருமையின் கொம்பில் சிவப்புத் துணி கட்டச் சொல்லியிருக்கிறார் மாமி. அதைக் கடைசியில், தனி வாளியில் கறக்கிறார்கள். அந்த வாளிக்கும் காசு கொடுத்துவிடுகிறோம், இல்லாவிட்டால் துணி கட்ட மாட்டார்கள்.