அனுபவச் சான்றிதழ் இல்லாதவருக்கு ஓர் இணையதளம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாகச் சென்னைப் பதிப்பகங்களுக்குப் புத்தக அட்டைகள் வடிவமைத்திருந்தும் யாரிடமும் அனுபவச் சான்றிதழ் வாங்கியதில்லை, கணவருடன் பெர்லினுக்கு வந்துவிட்ட இந்நிலையில் அதே தொழிலைச் சுயமாகத் தொடங்க எதை ஆதாரமாகக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். அதே தொழிலில் இங்கு நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஊரில் இருந்தபோது பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு சிறிய இணையதளம், நான் சற்றும் எதிர்பாராத இடங்களில் எனக்குக் கைகொடுத்தது.

குடும்ப இணைவு விசாவில் வந்தவர்கள் சுயதொழில் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. எனவே விசா உங்களுக்குத் தடையில்லை. தீர வேண்டிய கேள்விகள் இரண்டு. வரி அலுவலகமான ஃபினான்ஸ்அம்ட் உங்களைக் கலைத்தொழில் செய்பவராக ஏற்குமா, வணிகம் செய்பவராகப் பதியச் சொல்லுமா என்பது ஒன்று, கே.எஸ்.கே. எனப்படும் கலைஞர் சமூகக் காப்பீட்டு நிதியம் உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்பது மற்றொன்று. 1983 முதல் நடைமுறையில் உள்ள இந்தக் காப்பீட்டில் சேர்ந்தால், மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்குமான கட்டணத்தில் ஏறத்தாழப் பாதியைச் செலுத்தினால் போதும். ஆண்டு வருமானம் 3,900 யூரோவைத் தாண்ட வேண்டும் என்றாலும், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு முதல் மூன்று ஆண்டுகள் விலக்கு உண்டு.

இவ்விரு இடங்களிலும் எழும் கேள்வி, வேலை செய்தீர்களா என்பது மட்டுமன்று; அது உங்கள் சொந்தப் படைப்பா, பிறர் சொன்னபடி கணினியில் அடுக்கிக் கொடுத்ததா என்பதே. ஆகவே முடிந்த அட்டைகளை மட்டும் வரிசையாக வைக்காமல், ஒரே ஓர் அட்டைக்கேனும் பென்சில் வரைவு, பதிப்பாளர் நிராகரித்த வடிவங்கள், அச்சான பிரதி ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து, ஜெர்மனில் நாலு வரி விளக்கம் எழுதுங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு பக்கம் மற்றெல்லாப் பக்கங்களையும்விட அதிகம் பேசியது.

தன் தளத்தில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால் ஒவ்வோர் அட்டைக்கும் பக்கத்தில், ‘அட்டை வடிவமைப்பு’ என்று உங்கள் பெயர் அச்சான உள்பக்கத்தின் படத்தையும், பதிப்பாண்டையும், ஐ.எஸ்.பி.என். எண்ணையும் கொடுங்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு: புத்தகத்தில் தலைப்பெழுத்தோடு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டிலோ தந்தையின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். இரண்டும் ஒருவரே என்பதை அறிமுகப் பக்கத்தில் ஒரு வரியில் தெளிவுபடுத்திவிடுங்கள்.

ஜெர்மனிக்கு வருமுன் நான் தொழில் செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டபோது, இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் தேதியுடன் சேமிக்கப்பட்டிருந்த என் பழைய பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். புதிதாகத் தொடங்கும் தளத்துக்கு இந்த வசதி இராது. ஆனால் உங்கள் பதிப்பகங்களின் பழைய பக்கங்களில் உங்கள் அட்டைகள் அங்கே கிடைக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

தொழில்சார்ந்த தளம் என்பதால், அதை நடத்துபவர் யார் என்று தெரிவிக்கும் இம்ப்ரெசும் பக்கம் கட்டாயம். அதில் பெயரும், தபால் பெட்டி எண்ணாக அல்லாமல் முழு முகவரியும், மின்னஞ்சலும் இருக்க வேண்டும். வீட்டு முகவரியை ஊரறிய வைப்பது யாருக்கும் உவப்பாக இராது, எனக்கும் இல்லை. ஆயினும் அரசு அலுவலகத்தில் செய்த முகவரிப் பதிவில் உள்ளதும் இதுவும் ஒன்றாக இருப்பதைக் கண்டபின் எங்கள் வீட்டு உரிமையாளர்கூட என் வருமானத்தைப் பற்றிக் குறைவாகவே துருவினார்.

தளம் இருந்தாலும் ரசீதுகள், வங்கிக் கணக்கு வரவுகள், பதிப்பாளர்களின் மின்னஞ்சல்கள் ஆகியவை இணைப்பில் இருந்தே ஆக வேண்டும். விண்ணப்பத்தில் தளத்தின் முகவரியை மட்டும் குறிப்பிட்டு விட்டுவிடாமல், முக்கியமான பக்கங்களைத் தேதி தெரியுமாறு அச்செடுத்து உடன் வையுங்கள்.