ஆயுள் கூடினால் ஓய்வு வயதும் கூட வேண்டுமா?

மக்கள் நீண்ட காலம் வாழ்வதால் ஓய்வு வயதையும் உயர்த்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்த்தலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் உயர்த்துவது அநியாயம் என்பேன்.

பல நாடுகளில் இன்று உழைப்பவர்கள் செலுத்தும் பணம்தான் இன்றைய முதியவர்களுக்கு ஓய்வூதியமாகப் போகிறது. பிறப்பு குறைந்து ஆயுள் கூடினால் கொடுப்பவர் குறைவு, பெறுபவர் அதிகம். அதனால்தான் டென்மார்க், ஓய்வு வயதை 2040இல் 70 ஆக்க 2025இல் சட்டம் இயற்றியது.

ஆனால் 'சராசரி ஆயுள்' என்ற சொல் ஏமாற்றக்கூடியது. கடந்த நூற்றாண்டில் அது உயர்ந்ததில் பெரும்பங்கு குழந்தை இறப்பு குறைந்ததால் வந்தது. 65ஐத் தொட்டவர் அதற்குமேல் வாழும் ஆண்டுகள் அந்த வேகத்தில் கூடவில்லை. கூடியதும் வசதி படைத்தவர்களுக்கே அதிகம். நாற்பது ஆண்டுகள் மூட்டை சுமந்தவரின் முழங்காலும் மேசையில் அமர்ந்து எழுதியவரின் முழங்காலும் ஒன்றா? 18 வயதில் வேலைக்கு வந்தவரை 70 வரை இழுப்பது கொடுமை. பிறந்த ஆண்டை மட்டும் பார்க்காமல், உழைத்த ஆண்டுகளையும் வேலையின் கடுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 55 வயதில் வேலை இழந்தவரை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பதற்கும், வயதை உயர்த்தும் அரசே பதில் சொல்ல வேண்டும்.