கிளாசிக்கா, வால்யூமா? வாடிக்கையாளரின் இமையைப் பார்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: நாகர்கோவிலில் சிறிய அழகு நிலையம் நடத்தி வருகிறேன். இமை முடியின் மேல் செயற்கை இழை ஒட்டும் ஐலாஷ் எக்ஸ்டென்ஷனில் கிளாசிக் முறையை மட்டுமே முறையாகப் பயின்றிருக்கிறேன். இப்போது வரும் பெண்கள், முக்கியமாக மணப்பெண்கள், கைப்பேசியில் படத்தைக் காட்டி ஹைப்ரிட், வால்யூம், மெகா வால்யூம் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். இமை முடி அடர்த்தியாக இருப்பவர்களுக்கு வால்யூம், குறைவாக இருப்பவர்களுக்குக் கிளாசிக் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அது சரிதானா? எவற்றை என் விலைப்பட்டியலில் வைக்கலாம்? சிலருக்கு இரண்டே வாரத்தில் பாதி உதிர்ந்துவிடுகிறதே, அது ஏன்?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குச் சொல்லித் தந்த விதி ஏறக்குறைய தலைகீழானது. அது ஏன் என்று புரிந்துவிட்டால், மற்ற கேள்விகளுக்கு நீங்களே விடை கண்டுவிடலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளாசிக் முறையில் ஓர் இயற்கை முடியின் மேல் ஒரே ஒரு செயற்கை இழையை ஒட்டுகிறோம். அந்த இழை பெரும்பாலும் 0.15 மி.மீ. தடிமன் உள்ளது, 0.18, 0.20 மி.மீ. இழைகளும் கடைகளில் கிடைக்கின்றன. வால்யூம் முறையில் 0.07 அல்லது 0.05 மி.மீ. அளவிலான மெல்லிய இழைகளை, இரண்டிலிருந்து ஆறு வரை சேர்த்து, விசிறிபோல் ஒரு ஃபேனாக விரித்து ஓர் இயற்கை முடியின் மேல் அமர்த்துகிறோம். மெகா வால்யூமில் இழை 0.03 மி.மீ. வரை மெலிந்து, எண்ணிக்கை பத்துக்கு மேல் போகிறது. ஹைப்ரிட் என்பது கிளாசிக் இழைகளையும் வால்யூம் ஃபேன்களையும் ஒரே கண்ணில் கலந்து வைப்பது.

எண்ணிக்கையைப் பார்த்தவுடன் வால்யூம்தான் கனமானது என்று தோன்றும். ஆனால் ஒரே நீளமுள்ள இழைகளின் எடை, தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுகிறது. 0.05 மி.மீ. இழையின் தடிமன் 0.15 மி.மீ. இழையில் மூன்றில் ஒரு பங்கு என்றால், அதன் எடை ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே 0.05 இழைகள் ஐந்தை ஒரு ஃபேனாக வைத்தாலும், ஒற்றைக் கிளாசிக் இழையின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். 0.07 இழைகள் மூன்று வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வரும். அதே 0.07 இல் ஆறு வைத்துவிட்டால், கிளாசிக் இழையைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிவிடும். 0.20 மி.மீ. கிளாசிக் இழை ஒன்றோ, 0.05 இழைகள் பதினாறுக்குச் சமம். எனவே கிளாசிக் இலேசானது, வால்யூம் கனமானது என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தத் தடிமன், எத்தனை இழை, எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

இப்போது உங்கள் வாடிக்கையாளரிடம் வருவோம். மேலிமையில் பொதுவாக 90 முதல் 150 முடிகள் வரை இருக்கும். கிளாசிக் முறையில் இருக்கிற முடிக்கு ஒன்றுதான் வைக்க முடியும் என்பதால், முடி குறைந்து இடைவெளி தெரியும் இமையில் நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தாலும் அந்த இடைவெளி நீளமான இழைகளுக்கு நடுவே இன்னும் பளிச்சென்று தெரியும்; இடைவெளியை மறைக்கிறேன் என்று 0.20 இழையை எடுத்தால், மெலிந்த முடி அந்தப் பாரத்தில் வளைந்து தொங்கும். அத்தகைய இமைக்கு 0.07 இல் மூன்று அல்லது 0.05 இல் நான்கைந்து என்ற மெல்லிய வால்யூமே பொருத்தம். மறுபுறம், நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு முடி அடர்த்தியாகவும் கறுப்பாகவும் இருக்கும். ஆனால் வளைவின்றி நேராகவோ கீழ்நோக்கியோ இருப்பதால் கண்ணில் எடுத்துக்காட்டாது. அவர்களுக்குத் தேவை அடர்த்தியன்று, வளைவும் கூடுதலாக இரண்டு மி.மீ. நீளமும்தான். நல்ல கிளாசிக் அதைத் தந்துவிடும். சிலருக்கு அதுகூடத் தேவையில்லை, அவர்களுடைய சொந்த முடியையே வளைத்துத் தரும் லாஷ் லிஃப்ட் போதும் என்பது என் கருத்து. ஆறு முதல் எட்டு வாரம் வரை நிற்கும் அந்தச் சேவையில், உதிர்ந்த இழைகளுக்குப் பதில் புதியவற்றை ஒட்டும் ரீஃபில் வருமானம் இல்லை என்பதாலேயே பல நிலையங்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஹைப்ரிட்டைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்வேன்: கிளாசிக் மட்டும் தெரிந்த உங்களுக்கு அடுத்த படி அதுதான். ஒரு கண்ணில் பாதிக்குக் கிளாசிக் இழையும், முடி குறைந்த இடங்களில் மூன்று இழை ஃபேனும் வைத்தால், இடைவெளி மூடும். ஆனால் ‘போட்டிருக்கிறார்’ என்று எதிரில் இருப்பவருக்குச் சட்டெனத் தெரியாது. ஃபேன் செய்யக் கை பழகும் காலத்தில், முழுக் கண்ணையும் பரிசோதனைக் களமாக்காமல் பத்து இருபது ஃபேன்களில் பழகிக்கொள்ளவும் இது இடம் தரும். ஆயத்த ஃபேன்கள் பெட்டியில் விற்கின்றன என்பது உண்மைதான். வாங்குவதற்கு முன் ஒன்றை டிவீசரில் எடுத்து வெளிச்சத்தில் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். இழைகள் கூராகச் சேர்ந்திருந்தால் பயன்படுத்தலாம்; பசை திரண்டு குமிழாக இருந்தால் அந்த எடை மேலே சொன்ன கணக்கில் வராத எடை, வாங்காதீர்கள்.

மெகா வால்யூமுக்கும் கணக்கு என்னவோ சாதகமாகத்தான் இருக்கிறது; 0.03 இழைகள் பத்து சேர்ந்தாலும் ஒரு கிளாசிக் இழையின் எடையில் பாதிகூட இல்லை. நடைமுறை வேறு. அவ்வளவு இழைகளின் அடியும் ஒரே முடியில் அமர வேண்டியிருப்பதால் பசை கூடுகிறது, அடிப்பகுதி தடிக்கிறது, அழுக்கும் எண்ணெயும் அங்கே தங்குகின்றன. கேமராவுக்கு எதிரே அழகாக இருக்கும். பக்கத்தில் நின்று பேசும்போது இமையோரம் கறுப்புப் பட்டை ஒட்டியதுபோல் தெரியும். உங்கள் பட்டியலில் இப்போதைக்கு அது வேண்டாம். நடுநடுவே நீண்ட கூர்களை வைக்கும் விஸ்பி, ஃபேனை மூடியபடியே ஒட்டும் வெட் லுக் ஆகியவை தனி முறைகள் அல்ல. அடுக்கும் விதத்தில் உள்ள மாறுதல்கள். வளர வளர அந்த அமைப்பு கலைந்துவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் ‘மிங்க்’, ‘சில்க்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து விலங்கின் முடியா, பட்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பி.பி.டி. என்ற பாலியெஸ்டர் இழைகள். அந்தப் பெயர்கள் பளபளப்பையும் மென்மையையும் குறிக்க வைத்தவை. பெட்டியில் உள்ள விவரத்தைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

முறையைத் தேர்ந்த பிறகு வளைவும் நீளமும். ‘ஜே’, ‘பி’ கர்ல்கள் இயல்பான வளைவு. ‘சி’ சற்றுத் தூக்கலானது. ‘டி’ நன்கு மேலெழும்பும். இயற்கை முடியைவிட இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேல் நீளம் கூட்டாதீர்கள். இழை நீள நீள வேர்மீது நெம்பும் விசையும் கூடுகிறது. மூக்குக் கண்ணாடி அணிபவர் என்றால், கண்ணாடியைப் போட்ட நிலையிலேயே அவரைக் கண் சிமிட்டச் சொல்லிப் பாருங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் ‘டி’ கர்ல் இழைகள் கண்ணாடியை நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருக்கும். நீளத்தைக் குறைத்து ‘சி’ கர்லோடு நிறுத்துங்கள். இமையின் மேல்தோல் மடிந்து முடியை மூடுபவர்களுக்கும், முடி நேராகக் கீழே பார்ப்பவர்களுக்கும், அடி தட்டையாக இருந்து பிறகு சட்டென மேலேறும் ‘எல்’ கர்ல் முடியில் நன்கு பற்றி நிற்கும். ஓரத்தில் நீளத்தைக் கூட்டும் கேட் ஐ அமைப்பை எல்லாரும் கேட்பார்கள்; வெளிக்கடை சரிந்த கண்களில் அது கண்ணை மேலும் சோர்வாகக் காட்டும். அவர்களுக்கு நடுவில் நீளத்தை வைத்து ஓரத்தைக் குறைப்பதே நல்லது.

இரண்டு வாரத்தில் உதிர்வதற்கு வருகிறேன். நாள்தோறும் சில இமை முடிகள் தாமாகவே உதிர்வது இயற்கை, அவற்றோடு இழையும் போகும். அதற்காகத்தான் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு ரீஃபில். பாதி போய்விடுகிறது என்றால் முதலில் உங்கள் அறையின் காற்றைச் சந்தேகியுங்கள். நாம் பயன்படுத்தும் பசை சயனோஅக்ரிலேட். அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். பல பசைகள் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்துக்கென்று தயாரிக்கப்படுகின்றன. கடலோர மாவட்டத்தில் மழைக்காலத்தில் அறையின் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும். அப்போது ஒரு நொடியில் இறுகும் வேகமான பசையை எடுத்தால், இழை முடியைத் தொடுவதற்குள் மேற்பரப்பு இறுகிப்போய், ஒட்டியதுபோல் ஒட்டி, சில நாளில் கழன்றுவிடும். ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், ஏசியை ‘டிரை’ நிலையில் ஓட்டுங்கள், மெதுவாக இறுகும் பசையைத் தேர்ந்தெடுங்கள், பசைத் துளியை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வால்யூமில் ஃபேனை அமர்த்தக் கூடுதல் நேரம் ஆவதால், காற்று சரியில்லாத அறையில் கிளாசிக்கைவிட அதுவே முதலில் கெடும்.

அடுத்த காரணம், இரண்டு முடிகள் சேர்ந்து ஒட்டிக்கொள்வது. வளரும் இளமுடியும் முதிர்ந்த முடியும் ஒன்றாகப் பசையில் மாட்டினால், ஒன்று மற்றொன்றை இழுத்து, மூன்றாம் நாள் குத்தலும் வலியுமாக வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைப்பார். இது தொடர்ந்தால் வேரே பலவீனப்படும். வேலை முடிந்ததும் டிவீசரின் நுனியால் அடியிலிருந்து ஒவ்வொரு முடியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு முடியைத் தள்ளும்போது பக்கத்து முடியும் அசைந்தால் அங்கே ஒட்டல் இருக்கிறது. பசை இமைத் தோலைத் தொடாமல் அரை முதல் ஒரு மி.மீ. தள்ளியே நிற்க வேண்டும்.

மூன்றாவது, தண்ணீரே படக் கூடாது என்ற தவறான அறிவுரை. முதல் நாள் மட்டும் நீரும் ஆவியும் படாமல் இருந்தால் போதும். பிறகு எண்ணெய் கலவாத நுரைக் கழுவியால் நாள்தோறும் கழுவ வேண்டும். கழுவாத இமையோரத்தில்தான் செதிலும் அரிப்பும் இமை அழற்சியும் வருகின்றன. சனி, வெள்ளியில் எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ளவர், விளக்கெண்ணெய் கலந்த கண்மையை மேலிமையில் தீட்டாமல் வெளியே கிளம்பாதவர், குப்புறப் படுத்தே தூங்குபவர் ஆகியோருக்கு எந்த முறையும் நீண்ட நாள் நிற்காது. இதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மணப்பெண்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் நலங்கு வைக்கும் வீடுகளில் தலையிலும் முகத்திலும் எண்ணெயும் மஞ்சளும் படும். அதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பாகப் போட்டுவிட்டு, நலங்கன்று இமையை விட்டுவிடும்படி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். குளிக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலசட்டும். ஹோமப் புகையில் கண் கலங்கும், தாரை வார்க்கும்போது அழுகையும் வரும். இரண்டையும் நன்கு இறுகிய இழை தாங்கிவிடும். ஆனால் முதன்முதலாகப் போடுபவருக்குத் திருமண வாரத்தில் போடாதீர்கள். சில வாரம் முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்தவராக இருக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவருக்கும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் அடர்த்தி கேட்பவருக்கும், ஒரே பட்டையாக ஒட்டிக் கழற்றும் ஸ்ட்ரிப் லாஷே நேர்மையான பரிந்துரை. மெகா வால்யூம் படத்தைக் காட்டுபவர்களில் பலர் உண்மையில் விரும்புவது அந்தத் தோற்றத்தைத்தான், இரவு அதைக் கழற்றியும் வைத்துவிடலாம்.

எந்த முறையானாலும் இரு கண்ணின் ஓரத்திலும் சில இழைகளை மட்டும் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் வரை கவனிக்கும் பேட்ச் டெஸ்ட்டை விடாதீர்கள். அதில் தேறியவருக்கும் பின்னாளில் ஒவ்வாமை வரலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். இமை வீங்கி அரித்தால் அடுத்த முறை வேறு பசையில் முயல்வது தீர்வாகாது, ‘சென்சிட்டிவ்’ என்று விற்பவையும் பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகைகளே; கண் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு அவருக்கு எக்ஸ்டென்ஷன் இல்லை என்று முடிவு செய்யுங்கள். மெட்ராஸ் ஐ, இமைக்கட்டி, இமை அழற்சி உள்ளவர்களையும் அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களையும் தொடவே வேண்டாம்.

உங்கள் பட்டியலில் லாஷ் லிஃப்ட், கிளாசிக், ஹைப்ரிட் மூன்றையும் இப்போதே வைக்கலாம். மெல்லிய வால்யூமை, உங்கள் ஃபேன்கள் ரீஃபிலுக்கு வரும்போது பிரியாமல் நிற்கின்றன என்று ஹைப்ரிட் வாடிக்கையாளர்களிடம் கண்டுகொண்ட பிறகு சேருங்கள். இழைகளை அகற்றும் சேவைக்கும் பட்டியலில் தனி இடமும் தனி விலையும் போடுங்கள்; இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வீட்டில் கையால் பிய்த்துவிட்டு, முடி போன இமையோடு மறுபடி உங்களிடமே வருவார்.